பாத்திட்டுத் தாறன்

கொழும்பு
19.01.2005

அன்புள்ள அக்கா,

நிவாரண லொறிக்காரர் ஒருவரிடம் நீங்கள் கொடுத்துவிட்ட துண்டுக் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. நீங்களும் அத்தானும் தப்பிவிட்டீர்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் உங்கள் எழுத்தைக் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சுனாமிக் கடல் வந்த கிழமையே புறப்பட்டு மட்டக்களப்பு வரை வந்தேன். அம்மா போனபிறகு பூட்டிக் கிடந்த நம் ஆரையம்பதி வீட்டில் இப்போது கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிச்சம். உங்கள் வாகரைக்குப் போகிற வழியில் பாலம் உடைந்துவிட்டது, தோணியில் கடக்க வேண்டும் என்றார்கள். தோணியடிக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்ததும் கால் எழவில்லை. திரும்பிக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதை அத்தானிடம் சொல்ல வேண்டாம்.

என் வேலையைப் பற்றி உங்களுக்கு விளக்கமாக எழுதியதில்லை. கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டிகளை எங்கள் கம்பனி பொருத்தி விற்கிறது. ‘கேமோ’ என்று பெயர். எங்கள் முதலாளியும் இன்னொருவரும் முன்பு கூட்டாளிகள். சண்டை பிடித்துப் பிரிந்தபின் மற்றவர் ‘ரிம்போ’ என்ற பெயரில் அதே சாமானைச் செய்யத் தொடங்கினார். அன்றிலிருந்து இவர் கடைக்கு ஒரு விளம்பரப் பலகை கொடுத்தால் அவர் இரண்டு கொடுப்பார். இப்போது ரிம்போக்காரர் தென்பகுதி முகாம்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பெட்டி கொடுத்துப் பத்திரிகையில் படமும் போட்டுவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன் ஊர் அந்தப் பக்கம்தானே என்றார். அக்கா அங்கே ரீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் முகாமில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சந்தோசம்தானே.

உங்கள் தம்பி
உதயரூபன்

வாகரை
02.02.2005

தம்பி உதயன்,

தோணியில் ஏறாததற்கு வெட்கப்படாதே. உன் அத்தான் நல்லரத்தினம் பிறந்ததிலிருந்து கடலில் நின்றவர். அவரே இப்போது கரையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிழிந்த வலை பொத்துகிறார்.

எங்களுக்கு வேண்டியவை கூரைக்குத் தறப்பாள், சமைக்கச் சருவச்சட்டி, பெண்களுக்கு உள்ளுடுப்பு. உன் முதலாளி அவற்றைச் செய்வதில்லை என்பது தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மின்சாரம் இல்லாத இடத்துக்குக் கேம் பெட்டியா என்று உன்னை ஏசத்தான் முதலில் பேனை எடுத்தேன். ஆனால் முந்தநாள் நடந்ததைப் பார்த்தபின் ஏச மனம் வரவில்லை.

நீ சொன்ன அந்த ரிம்போக்காரர் உங்களை முந்திவிட்டார்கள். ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து மூன்று பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான். அதில் ஒன்று ஆர்த்திகாவுக்குக் கிடைத்தது. ஆர்த்திகா அடுத்த கூடாரத்துக் கண்ணகையின் மகள், ஒன்பது வயது. தகப்பனும் சின்னத் தம்பியும் அவள் கண்முன்னால் போனார்கள். அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடும், படுக்கச் சொன்னால் படுக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் ஒரு தவளை கல்லுக்குக் கல் பாய வேண்டும். திரை தானாக வெளிச்சம் போடுகிறது, கூடாரத்து இருட்டிலும் தெரிகிறது. பொழுதுபட்ட நேரம் கண்ணகை ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆர்த்திகா திரையைப் பார்த்தபடி, “விழுந்திட்டு” என்றாள். பிறகு தாயைப் பார்த்து, “அம்மா, தவள விழுந்திட்டு” என்றாள். கண்ணகை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆகையால் கொண்டு வா. பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அக்கா உசாந்தி

கொழும்பு
08.02.2005

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்ததும் எழுதுகிறேன். அந்த ரிம்போவின் திரைக்குப் பின்னால் இருந்தா வெளிச்சம் வருகிறது, ஓரத்தில் இருந்தா? பற்றறி எத்தனை போடுகிறார்கள்? ஒருமுறை போட்டால் எத்தனை நாள் தாங்குகிறது? அது இன்னும் கடைக்கு வராத சாமான். சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

இருபதாம் திகதிக்குப் பிறகு வருகிறோம். முதலாளியும் வருகிறார். பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, சீப்பால் தலை இழுத்து நிறுத்தினால் நல்லது. பெட்டியைத் தூக்கிப் பிடித்து எல்லோரும் ஒன்றாகக் ‘கேமோ’ என்று சொல்ல வேண்டுமாம். நீங்கள் பழக்கினால் சொல்வார்கள்.

ரிம்போ கிடைத்த பிள்ளைகள் அன்றைக்கு அதையும் கையோடு கொண்டு வரட்டும்.

உதயன்

வாகரை
27.02.2005

உதயன்,

நீ அன்று அங்கேதான் நின்றாய். ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன். நீ நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

உன் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் பதில் அனுப்பியிருந்தேன். ஆர்த்திகாவிடம் கெஞ்சி வாங்கி, மூடியைக் கழற்றி, பற்றறியை எண்ணினேன். தம்பி தன் தொழிலில் கெட்டிக்காரன், எதையும் விளங்கிக்கொள்ள விரும்புகிறான் என்று எனக்குப் பெருமை. பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குவதுபோல் ‘கேமோ’ சொல்லப் பழக்கினேன். சொந்தக்காரரின் செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். பெட்டிகள் பாதிப் பிள்ளைகளுக்கும் காணாது. கமராக்காரன் காலில் கட்டுப் போட்ட பிள்ளையைத் தேடி முன்வரிசைக்கு இழுத்தான். நீ நேராக ஆர்த்திகாவிடம் போய்க் குந்தினாய். “மகள், அதக் கொஞ்சம் தாங்க, பாத்திட்டுத் தாறன்” என்றாய். நம் அம்மாவின் குரலில் சொன்னாய். அவள் தரவில்லை. ஒரு கையால் உன் கேமோவை அவளிடம் கொடுத்து, மறுகையால் அவளுடைய ரிம்போவை எடுத்தாய். அதைத் துணிப்பையில் போட்டு முதலாளியிடம் கொடுத்தாய். அவர் படம் எடுத்து முடியும்வரைகூட நிற்கவில்லை. அந்தப் பையோடு காரில் ஏறிப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீங்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று.

படம் முடிந்ததும், இவை அடுத்த முகாமுக்கும் போகவேண்டும் என்று சொல்லிக் கேமோக்களையும் திருப்பி வாங்கினீர்கள். பிள்ளைகள் தந்தார்கள். முகாம் பிள்ளைகள் எல்லாவற்றையும் திருப்பித் தரப் பழகிவிட்டார்கள். ஆர்த்திகா மட்டும் விடவில்லை. நீ அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாய்.

இனி எழுதப் போவதைத்தான் எழுத முடியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நான் பக்கத்தில் நின்றேன். உன் கையைத் தட்டிவிடவில்லை. “குடு புள்ள, மாமா பிறகு தருவார்” என்று சொன்னேன். நான் ரீச்சர் என்றபடியால் அவள் விட்டாள்.

பொழுதுபடக் கண்ணகை வந்தாள். “அந்த ஆள் உங்கட தம்பியா ரீச்சர்?” என்று கேட்டாள். இல்லை, கம்பனி ஆள் என்று சொன்னேன். கூடப் பிறந்தவனை இல்லையென்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

பிள்ளை மறுபடியும் பேசுவதில்லை. அந்தப் பெட்டியை உடனே அனுப்பு.

உசாந்தி

கொழும்பு
16.03.2005

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்து மறுபடியும் வாசித்தேன். அவளை நிறுத்தி நான் விரல் பிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஞாபகம் இருக்கிறது. அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

பெட்டியை அனுப்ப முடியாது அக்கா. வேலைத்தளத்தில் கேட்டேன். அதைப் பிரித்துத் துண்டு துண்டாக மேசையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பொருத்தலாமா என்று கேட்டேன். பொருத்துகிறவர் சிரித்தார். இந்த வெளிச்சம் இல்லாவிட்டால் இந்த வருசத்தோடு கம்பனி மூடியிருக்கும், ஐம்பது குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும் என்றார். இதை எனக்கு நியாயமாக எழுதவில்லை. அப்படி எழுதுகிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

கேமோக்களைத் திருப்பி வாங்குவோம் என்பது எனக்கு முன்பே தெரியும். உங்களுக்கு எழுதினால் எங்களை வரவேண்டாம் என்பீர்கள். அதனால் எழுதவில்லை.

கண்ணகையிடம் என்னை இல்லையென்று சொன்னது சரிதான். அப்படியே இருக்கட்டும்.

உதயரூபன்

கொழும்பு
11.06.2006

அன்புள்ள அக்கா,

ஒரு வருசமாக நான்கு கடிதம் எழுதினேன். நீங்கள் பதில் தரவில்லை. போனமுறை அத்தான் வாழைச்சேனையிலிருந்து போன் எடுத்து, உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வெளிச்சம் போட்ட கேமோ நன்றாக ஓடுகிறது. என்னைக் கிழக்குப் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் பெரிய விளம்பரப் பலகை இருக்கிறது. அதில் உங்கள் பிள்ளைகள். ஆர்த்திகா நடுவில் நிற்கிறாள். எல்லோரும் வாய் திறந்திருக்க அவள் மட்டும் கமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறாள். படத்தின் ஓரத்தில் என் சட்டையின் முழங்கை தெரிகிறது. இப்போது நான் இறங்கும் இடத்துக்கு முதலே பஸ்ஸால் இறங்கி வேறு வழியாக நடந்து போகிறேன்.

ஒரு பார்சல் கட்டியிருக்கிறேன். உங்கள் முப்பது பிள்ளைகளுக்கும் போதுமான பெட்டிகள், என் சொந்தச் செலவில். அங்கே மின்சாரமும் கடையும் இல்லை என்பதால் ஆளுக்கு இரண்டு தரம் மாற்றப் பற்றறியும் வைத்திருக்கிறேன். வாழைச்சேனையில் என் சிநேகிதியின் தாய் றஸீனா உம்மாவின் கடைக்கு அனுப்புகிறேன். அத்தான் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஆர்த்திகாவுடையதில் அவளுடைய பெயரை எழுதியிருக்கிறேன்.

உதயன்

வாகரை
30.07.2006

உதயரூபன்,

மறுபடியும் சண்டை மூளுகிற இந்த நாளில் பாதை நிலைமையை நீ கொழும்பில் இருந்தும் பத்திரிகையில் வாசித்திருப்பாய். இங்கே உள்ளே ஒரு பென்டோர்ச் பற்றறி கொண்டுவரவே அனுமதிக் கடிதம் வேண்டும். நீ பெட்டி நிறைய வைத்துக் கட்டியிருக்கிறாய்.

பாதைச் சோதனைச்சாவடியில் அத்தானை இறக்கி, இத்தனை பற்றறியும் பெட்டியும் யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட என்று சொன்னாராம். அதை யார் நம்புவார்கள். கொண்டுபோய்விட்டார்கள். எந்த இடம் என்று தெரியாமல் நானும் கண்ணகையும் வாசல் வாசலாக நின்றோம். கண்ணகை ஒரு நாள்கூட என்னைத் தனியே போகவிடவில்லை. உன் பார்சலுக்காக அவள் வெயிலில் நின்றாள்.

மூன்றாம் கிழமை விட்டார்கள். வந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

இனி எங்களுக்கு ஒன்றும் அனுப்பாதே. நீ கொடுப்பதும் எடுப்பதும் ஒன்றுபோலவே முடிகிறது.

உசாந்தி

கொழும்பு
04.02.2007

அக்கா,

இது எந்த முகாமுக்குப் போய்ச் சேரும் என்று தெரியாது. வாழைச்சேனைப் பக்கத்து முகாம்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புகிறேன். வாகரையிலிருந்து சனம் காட்டுவழியாக நடந்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்ததாகவும் சொன்னார்கள். பதிலுக்கு ஒரு வரி போதும்.

உதயன்

வாழைச்சேனை
22.02.2007

நானும் அத்தானும் இருக்கிறோம். கண்ணகையும் ஆர்த்திகாவும் எங்களோடு இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இல்லை. பெயர்களை எழுத என்னால் முடியாது. அந்தப் பலகை இன்னும் நின்றால், அதில் இருக்கும் பிள்ளைகளுக்காகவாவது அதைக் கழற்றச் சொல்.

உசாந்தி

கொழும்பு
14.06.2009

அன்புள்ள அக்கா,

பலகையைக் கழற்றச் சொல்லி அன்று முதலாளியிடம் போனேன். கதவடியில் நின்று வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தின் பின் மழையில் தானாகக் கிழிந்தது. இதை உங்களுக்கு எழுதக் கூசித்தான் இரண்டு வருசமாக நலம் விசாரித்து மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் கேமோவும் ரிம்போவும் ஒன்றாகிவிட்டன. எல்லோருடைய போனிலும் கேம் வந்துவிட்டது, எங்கள் பெட்டிகளை வாங்க ஆள் இல்லை. இரண்டு முதலாளிகளும் ஹோட்டலில் கட்டிப்பிடித்துக் கேக் வெட்டினார்கள். நாங்கள் கை தட்டினோம். நாளைக்கு வேறொரு சாமானைச் சேர்ந்து விற்பார்கள்.

இப்போது என் மேசைக்கு எதிரே இருப்பவர் யார் தெரியுமா? அன்று மோட்டார் சைக்கிளில் வந்து உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று பெட்டி கொடுத்தவர். வாகரையை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். அங்கே ஒரு பிள்ளை பேசாமலே இருந்தது, இப்போது எப்படியோ என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்தத் திரை வெளிச்சத்தை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தாங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஹொங்கொங்கில் ஒரு கடை யார் கேட்டாலும் விற்கும், விலைப்பட்டியலில் படத்தோடு இருந்தது என்றார். அந்தப் பட்டியல் எங்கள் கந்தோருக்கும் மாதா மாதம் வந்துகொண்டுதான் இருந்தது அக்கா. யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

கம்பனிகள் ஒன்றான அதே கிழமைதான் யுத்தம் முடிந்தது. தெருவில் கொடி பிடித்து வெற்றிப் பாற்சோறு கொடுத்தார்கள். கந்தோருக்கும் தட்டில் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துத் தின்றேன். நல்லாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

எனக்கு அங்கே வரவேண்டும். கண்ணகையிடமும் ஆர்த்திகாவிடமும் நேரில் சொல்லவேண்டும். அவர்கள் விட்டால் மட்டும் வருகிறேன். கேட்டுச் சொல்லுவீர்களா?

தம்பி
உதயன்

வாகரை
02.07.2009

தம்பி உதயன்,

உனக்காகக் கேட்கப் போவதென்றால் முதலில் நான் சொன்ன பொய்யைச் சொல்லவேண்டும். நாலு வருசம் கண்ணகையோடு ஒரே பானையில் சோறு தின்றிருக்கிறேன். காட்டில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது வந்தது. உன் கடிதத்தோடு பத்து நாள் சும்மா இருந்தேன்.

நேற்றுப் போனேன். கருவாட்டுக்கு மீன் பிளந்துகொண்டிருந்தாள். அன்று பெட்டி எடுத்துப் போனவன் என் தம்பி என்று சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

“அது அண்டைக்கே தெரியும் ரீச்சர். ரெண்டு பேருக்கும் மூக்கு ஒண்டுதானே. நீங்களாச் சொல்லட்டும் எண்டுதான் இருந்த நான்.”

நான் அவளுக்கு முன்னால் மண்ணில் இருந்துவிட்டேன். அவள் ஒரு மீனை என் பக்கம் தள்ளினாள். நானும் பிளந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆர்த்திகாவைப் பற்றிக் கேட்டாய். பேசுகிறாள். நீ வந்துபோன அந்த வருசம் மழைக்காலத்தில் தானாகப் பேசத் தொடங்கினாள், அதில் உனக்கோ எனக்கோ பங்கில்லை. பதினாலு வயது, என்னைவிட உயரம், கணக்கில் கெட்டிக்காரி. உன் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் கொப்பியைத் திருத்தக் கேட்டால் நீட்டுவாள், கையை விடமாட்டாள். ஒரு ஓரத்தை அவள் பிடித்திருக்க, மறு ஓரத்தை நான் பிடித்துத் திருத்துகிறேன். புதிதாக வந்த ரீச்சர் ஒருத்தி அதற்கு அவளை ஏசினாள். இப்படிக் கொடுக்கப் பழக்கியது நான்தான் என்று அந்த ரீச்சருக்குச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை.

நீ வரலாமா என்று கண்ணகையிடம் கேட்டேன். கையைக் கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“வரட்டும். சொல்ல வந்ததச் சொல்லட்டும். ஆனா ஒண்டு, இஞ்ச வந்து அழப்படா. அழுதா நாங்கதான் தேத்தோணும். ஆர்த்திகா தேத்துவாள், அவள்ர குணம் அது. அது எனக்கு வேணா.”

முடியுமென்றால் வா. முடியாதென்றால் எழுது, யாரும் குறை நினைக்கமாட்டோம். காலைப் பஸ்ஸுக்கு அத்தான் சந்தியில் நிற்பார். அவருக்கு இடது காது கேட்காது. பாதையில் பிடித்து வைத்திருந்தபோது நடந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதச் சொன்னது அவர்தான். நீ பஸ்ஸால் இறங்கியதும் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்று பேசு.

அக்கா
உசாந்தி